சத்தமில்லாத பங்களா

எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: மலை அழகு, தண்ணீர் அழகு, எல்லாவற்றையும்விட அமைதி அழகு. லோயர் கேம்ப் போகிற வழியில் இருந்த பங்களாவை ஒரு துரையும் துரைசானியும் வாடகைக்குப் பிடித்தார்கள். மலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். சீமைக்குத் திரும்ப அவர்களுக்கு மனசில்லை. என் வீட்டுக்காரர் அங்கே தோட்டமும் காவலும் பார்த்தார். பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

அமைதி கெடாது என்று பங்களாவின் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கம் போகிற வண்டிமாடுகளுக்குச் சலங்கையைக் கழற்றச் சொன்னார். வாசலில் நின்று யாரும் கூவிக் கூப்பிடக்கூடாது. கொசுவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது இஷ்டத்துக்குப் பாடியது. அந்தக் கொசு கொண்டுவந்த காய்ச்சலில்தான் என் வீட்டுக்காரர் போனார்.

விடிந்ததும் அனுமந்தன்பட்டியிலிருந்து உறவுப் பெண்கள் வந்தார்கள். என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுக்கப்போன நேரம், சொந்தக்காரரின் கணக்குப்பிள்ளை ஓடிவந்தார்.

"தாயி, கோவிச்சுக்கிடாத. தொரைசானி இன்னும் தூங்குறாக. சத்தமில்லாம எடுத்துருங்க. நாளைக்கும் நீ இங்கனதான குடியிருக்கணும்?"

"எம்மகனுக்கு அழுகக்கூட ஒங்க உத்தரவு வேணுமா?" என்று என் மாமியார் எழுந்தார். பிறகு என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டுக்காரர்களை வாய்க்கால் கரையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். மாரில் அடிக்க ஓங்கிய கைகளை இறக்கிப் பெண்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு அழுகுரல்கூடக் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் துரைசானி ஒரு கூடை பழத்தோடு வந்தார். கூடவே சீமையிலிருந்து விருந்துக்கு வந்த அவருடைய தங்கை. துரைசானி நல்ல மனுஷி, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியது. பிறகு தங்கையிடம் இங்கிலீஷில் ஏதோ நெடுநேரம் சொன்னார். பக்கத்தில் நின்ற சமையல்காரரிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இந்த ஊருல சாவுகூட எம்புட்டு அமைதியா வந்துட்டுப் போகுது பாருன்னு சொல்றாக. அதுக்காகத்தான் சீமைக்குத் திரும்பாம இங்கனயே இருந்துட்டாகளாம்."

துரைசானி ஆமாம்தானே என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஆமாங்க" என்றேன்.

அவர்கள் போனதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். துரையும் துரைசானியும் விருந்தாளியோடு வெளியே கிளம்பிவிட்டார்கள், பங்களாவில் யாருமில்லை, இனி எவ்வளவு சத்தமாகவும் அழலாம். வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அவருக்காக நான் இன்னும் அழவில்லை.