செம்மநத்தத்தில் நின்றுபோன ஏசி

ஏற்காட்டில் ஏசி பழுதுபார்க்கிறேன் என்று ஐயாக்கண்ணு சொன்னால் சேலத்து உறவினர்கள் சிரிப்பார்கள். மீன் விற்கக் கடலுக்குப் போனவன் கதையாக இருக்கிறதே என்பார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சிரிப்பைக் கேட்டவர் அவர். மலையிலேயே குடியிருக்கும் ஏசி மெக்கானிக் அவர் ஒருவர்தான். ஆண்டில் ஒன்பது மாதம் வாஷிங் மெஷினும் பிரிட்ஜும் சோறு போடும். பங்குனி பிறந்தால் விடுதிகளும் பங்களாக்களும் கூப்பிடத் தொடங்கும்.

மலையில் ஏசிக்குச் செலவு அதிகம். கீழிருந்து ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறி வந்தால், திருகைத் தொடுவதற்கு முன்பே ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். உதிரிப் பாகம் எதுவானாலும் சேலத்திலிருந்து வர வேண்டும். பனியின் ஈரத்தில் தகடு துருவேறும். குரங்குகள் குழாயின் மேலுறையைப் பிய்த்துப் போடும். வந்தவர் ஒன்று சொன்னால் அது சரியா என்று பார்க்க இன்னொருவர் இருக்க மாட்டார். அந்தக் கடைசிக் காரணத்தை ஐயாக்கண்ணு தம் தவற்றினாலேயே கற்றார். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், நன்றாக இருந்த கம்ப்ரஸர் ஒன்றை எரிந்துபோனதென்று கழற்றிப் புதிது மாட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் நன்றி சொல்லிப் பணம் கொடுத்தார். கழற்றியதைப் பிறகு ஓட்டிப் பார்த்தபோதுதான் அது கெடவில்லையென்று இவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து, 'போய்விட்டது' என்ற சொல்லை இரண்டு முறை சோதிக்காமல் அவர் வாயில் எடுப்பதில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், முற்பகல் பதினொன்றரை மணிக்கு அவர் செம்மநத்தத்தில் பொன்னுவேலின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். முந்தைய மாலை ஆலங்கட்டி மழை பெய்திருந்தது. சில்வர் ஓக் மரத்து இலைகள் முற்றமெங்கும் கிழிந்து ஒட்டிக் கிடந்தன. ஆனால் வானம் வெளுத்து வெயில் கொளுத்தியது.

பொன்னுவேல் மூன்றாண்டுகளுக்கு முன் மிளகு பறிக்கையில் மரத்திலிருந்து விழுந்தவர். கழுத்தெலும்பு முறிந்து, அதற்குக் கீழே உடம்பு அசைவற்றுப் போயிற்று. அசைவு மட்டுமன்று, வியர்வையும் போயிற்று. வெயில் ஏறினால் அவருடைய உடம்பும் அதனோடு சேர்ந்து ஏறும். இறக்கிக்கொள்ள அதற்கு வழி தெரியாது. நூற்றிரண்டு டிகிரியைத் தொட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டுமென்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். கான்கிரீட் கூரை போட்ட அந்தத் தாழ்ந்த அறையில் ஏசி அவருக்கு மருந்து.

"வாங்கண்ணா, வாங்க" என்று ஓடி வந்தாள் அவர் மனைவி சின்னத்தாயி. "காத்தால எட்டு மணிக்குப் போட்டனுங்க. ஒரு மணி நேரத்துல நின்னு போச்சுங்க. லாட்ஜுக்கு வந்திருந்த சேலத்து மெக்கானிக்கு ஒருத்தரு பாத்துட்டு, கம்ப்ரஸர் போச்சுன்னுட்டாருங்க. பதினெட்டாயிரமாம். சாமான் வர ரெண்டு நாளாகுமாம்."

"இப்ப எவ்வளவு இருக்குது?"

"நூத்தியொண்ணு, ரெண்டு புள்ளிங்க."

உள்ளே கட்டிலில் ஈரத் துணிகளுக்கு அடியில் முகம் சிவந்து கிடந்த பொன்னுவேல் கண்ணைத் திறந்தார். "எனக்கு முந்தி அது போயிருச்சாட்ட இருக்குதுங்க, மெக்கானிக்கு."

"வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் சின்னத்தாயி.

ஐயாக்கண்ணு முதலில் செய்த வேலை ஏசியைச் சார்ந்ததன்று. பக்கத்து வீட்டு மூக்கனை அழைத்து, ஜீப்பின் பின்னிருக்கையை மடக்கி மெத்தை விரித்து வைக்கச் சொன்னார்.

"உங்க மெஷினு ஓடலீன்னா எம் மெஷினு ஓடுமுங்க" என்றான் மூக்கன். ஆனால் அந்தக் குறுகலான பாதையில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைக் குலுக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் போவது எப்படிப்பட்டதென்று மூவருக்கும் தெரியும்.

ஐயாக்கண்ணு மேற்குச் சுவரோரம் போய் வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினார். கம்ப்ரஸரின் மேல் புறங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலச் சுட்டது. இந்தப் பக்கம் வெயில் வரவே இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தார். மின்சாரம் நுழையும் முனையில் தொடர்பு அறுந்திருந்தது. காலையில் வந்தவர் இதைப் பார்த்துத்தான் எரிந்துவிட்டதென்று சொல்லியிருப்பார். மற்ற இரண்டு முனைகளுக்கும் இடையே வைத்தார். அங்கே அளவு சரியாக இருந்தது.

"அவரு போன பொறவு இது ஒருக்காவாச்சும் ஓடுச்சாம்மா?"

"பத்தே காலுக்குத் தானா ஓடுச்சுங்க. அஞ்சு நிமிசம் இருக்கும். மறுபடி நின்னுக்கிச்சு."

எரிந்துபோனது எழுந்து ஓடாது. சூடு மிஞ்சினால் தானாகப் பிரிந்து மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு சிறு தகடு கம்ப்ரஸருக்குள் உண்டு. ஆறினால் அதுவே சேர்ந்துகொள்ளும். பிரிந்து நிற்பது அந்தத் தகடாக இருந்தால் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பொன்னுவேலின் உயிரிலிருந்து கழிவது.

"நூத்தியொண்ணு ஆறுங்க" என்று உள்ளிருந்து சின்னத்தாயியின் குரல் வந்தது.

மின்முனைகளின் மேல் நீர் படாதபடி மூடிவிட்டு, நனைத்த சாக்குகளைக் கம்ப்ரஸரைச் சுற்றிக் கட்டினார். மூக்கனைக் கூரைமேல் ஏற்றித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகு பெட்டியையே உற்றுப் பார்த்தார். விரலால் தள்ளினால் காற்றாடி தடையின்றிச் சுழல்கிறது, தகட்டில் அழுக்கில்லை, எதனால் இவ்வளவு சூடு? முற்றமெல்லாம் ஒட்டிக் கிடக்கும் இலைகளில் ஒன்றுகூடப் பெட்டியின் மேல் இல்லை. மேல்தகட்டில் ஒரு துளி மழைத் தடமும் இல்லை. பெட்டியின் நான்கு மூலைகளிலும் கயிறு இழுபட்ட புதுக் கீறல்கள் தெரிந்தன.

"ஏம்மா, இதும் மேல என்ன கட்டியிருந்தீங்க?"

சின்னத்தாயி தயங்கினாள். "காப்பிக்கொட்ட காயப் போடற தார்ப்பாய்ங்க. நேத்து ஆலங்கட்டி உழுவவும் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிப் போட்டனுங்க. காத்தால அந்த மெக்கானிக்கு வந்தப்ப, ஊட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா அழுக்குத் தார்ப்பாயோட இருக்கக் கூடாதுன்னு அவுத்து வெச்சனுங்க. அவரு போனதும், இன்னைக்கும் ஆலங்கட்டி உழுமோன்னு மறுபடி கட்டிட்டனுங்க. இப்ப நீங்க வர்ற சத்தம் கேட்டு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். மூடிய தார்ப்பாய்க்குள் இயந்திரம் தான் கக்கிய சூட்டைத் தானே குடித்துக்கொண்டிருந்தது அவளுக்கும் விளங்கிவிட்டது. "நான்தானுங்களா இவரை இப்படி…"

பொய் சொல்லித் தேற்ற அவருக்கு வரவில்லை. "ஆமாம்மா. மழையில நனையறதுக்குன்னே செஞ்ச பெட்டி இது. மூடிக்கிட்டு ஓட்டுனா மூச்சு முட்டும். அளுவறதுக்கு இப்ப நேரமில்ல, இன்னொரு சாக்கை நனைச்சுக் கொண்டா."

பன்னிரண்டரைக்கு ஒருமுறை இயக்கிப் பார்த்தார். காற்றாடி மட்டும் சுற்றியது. நூற்றொன்று எட்டு என்றாள் அவள். மூக்கன் கூரையிலிருந்து இறங்கி, ஜீப்பைத் திருப்பி வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தான்.

"ஏத்திரலாமுங்களா?"

ஐயாக்கண்ணு கம்ப்ரஸரைத் தொட்டார். கை வைக்க முடிந்தது. "பத்து நிமிசம். அதுக்கு மேல ஒரு நிமிசம் நான் கேக்க மாட்டேன்."

சாக்குகளை மாற்றினார். ஐந்தாம் நிமிடம் மீட்டரை வைத்தபோது முள் அசையவில்லை. எட்டாம் நிமிடம் அசைந்தது. சாக்குகளை உருவி எறிந்துவிட்டு, சுவிட்சைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். காற்றாடி சுற்றியது. அவர் எண்ணிக்கொண்டே நின்றார். ஏசி தானாகவே எடுத்துக்கொள்ளும் மூன்று நிமிடத் தாமதத்துக்குப் பின் கம்ப்ரஸர் ஓர் உறுமலோடு எழுந்தது. தாமிரக் குழாயில் மெல்ல ஈரம் கோத்தது.

அப்போதும் மூக்கனைப் போகவிடவில்லை. இருபது நிமிடம் கழித்து நூற்றொன்று எட்டிலேயே நின்றது. இன்னும் இருபது நிமிடத்தில் நூற்றொன்று இரண்டு. ஒன்றே முக்காலுக்கு நூறு நான்கு. அப்போதுதான் ஐயாக்கண்ணு கையை அசைக்க, மூக்கன் இன்ஜினை நிறுத்தினான்.

"எவ்வளவுங்கண்ணா தரட்டும்?"

"முந்நூறு. பெட்ரோலுக்கும் சேத்து."

"அவரு பதினெட்டாயிரம்னாருங்களே!"

"அது கெட்டுப் போனதுக்கும்மா. இது கெடலையே."

அவள் உள்ளே ஓடி, தெர்மாமீட்டரை உதறி மறுபடியும் கணவர் வாயில் வைத்தாள். பொன்னுவேல் அதை நாக்கால் தள்ளினார்.

"எத்தன வாட்டிதான் பாப்ப புள்ள? வாய உடு. பசிக்குது, கஞ்சி ஊத்து."