டொமைன் வாங்கப் பூக்கட்டிப் பார்த்தேன்

இன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள்: நான், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் என் கணவர், பூஜை அலமாரியில் முருகன்.

வீட்டுச் சாமி சிலைகளுக்கு நான் தைக்கும் பட்டு உடைகளை விற்க ஒரு வெப்சைட் வேண்டும். அதற்கு டொமைன் பெயர் பதிய இரண்டு கம்பெனிகளைப் பார்த்தேன்.

ஒன்றில் பாதி விலைதான். ஆனால் மெஷின்தான் பதில் எழுதுகிறது. அடுத்த வருடம் எவ்வளவு என்று கேட்டேன். "நன்றி" என்றது.

மற்றதில் ஒரு பெண் போனை எடுத்தாள். நான் ஓசூர் என்றதும் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறினாள்.

"வருசா வருசம் இதே ரேட்டுதான்க்கா. ஏதாச்சும்னா எனக்கே போன் போடுங்க. சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"மணி மூணாச்சுக்கா! மொதல்ல சாப்டுங்க, டொமைன் எங்கியும் ஓடிடாது."

அப்படி என்னை யாரும் கேட்டு நெடுநாள் ஆகிறது.

கணக்குப் பார்த்தே செலவு செய்கிறவள் நான். மனசு அவள் பக்கம் சாய்வது தெரிந்ததால், சாமி முன் இரண்டு பொட்டலம் வைத்துப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ மலிவான கம்பெனி, சிவப்பு அவள்.

முருகன் வெள்ளையைக் கொடுத்துவிட்டான்.

மறுபடி கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனால் வெப்சைட் நின்றுபோனால் முருகன் போன் எடுக்க மாட்டானே!

மலிவானதில் வாங்கியவர்கள் இருந்தால், சிக்கல் வந்தபோது அங்கே மனுஷர் யாராவது பேசினார்களா என்று இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.