பீச்சாங்கைப் பிடி

நான் அவிழ்த்துவிடும் கதைகளுக்கு விருத்தாசலத்தில் ஓர் அடையாளம் உண்டு. எல்லாவற்றிலும் நான் புலியை அடித்திருப்பேன். இல்லாவிட்டால் புலி என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கும். இந்தக் கதையில் எனக்கு வேலையே இல்லை, ரத்தினவேலுக்குப் பக்கத்துக் கடைக்காரன் என்பதோடு சரி. அதனாலேயே இது நடந்தது என்று நீங்கள் நம்பலாம். நடு ராத்திரியிலும் நடக்கவில்லை. பட்டப்பகலில், பீங்கான் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது.

ரத்தினவேல் ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருந்தான். பூட்டு, தராசு, பம்பு எல்லாம் பார்ப்பான். துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்சும் இருந்தது. எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர் பக்கத்துப் பெரிய விவசாயி நடராசன் ஒரு பழைய ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரே துரு. கைப்பிடியில் பாதியைக் காணோம்.

"என்னாங்க, கெணத்துலேர்ந்து எடுத்தீங்களா?"

"பரண்லேர்ந்துப்பா. எங்கப்பாவோடது. அவரு இருந்தப்பவே இது சுடாது, அவரு வாயிதான் சுடும். புதுசாட்டம் பண்ணிக் குடு. பிடி மட்டும் வெள்ளையா, தந்தமாட்டம் இருக்கணும்."

அந்தக் காலத்து மாதிரி அது. விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் இருக்கும் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்தினால்தான் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் இழுக்க வேண்டும். தானாக எழும்பாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை எடுத்தான். லாரிக்கு அடியில் போடும் எஃகுப் பட்டையைச் சீவிப் புது ஸ்பிரிங் வைத்தான். மகள் அகல்யா ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சங்கு ஊதினால் பட்டறைக்கு வந்து அப்பாவோடு சாப்பிடுவாள். அன்றைக்கு அவள் எதிரே சுத்தியலை இழுத்துக் காட்டினான். ஒரு முழு இழுப்புக்கு நாலு சத்தம்.

டிக்... டிக்... டிக்... டிக்.

"யப்பா, நானு!"

"பிடி இல்லாம எங்கேர்ந்து புடிப்ப? பிடி போட்டதும் மொத இழுப்பு ஒன்னோடதுதான்."

"பீச்சாங்கையால இழுப்பேன்."

"காலால வேணாலும் இழு."

எல்லாமே அவளுக்கு இடது கைதான். பல் விழும் வயசு வேறு. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவாள். அது ஓட்டில் உருண்டு வாசலுக்கே திரும்பி வந்துவிடும். அம்மா வாசுகி அதைப் பொறுக்கி மஞ்சள் டப்பாவில் போட்டுவைப்பாள். "இவளாட்டமே அடம், மேல போவமாட்டேங்குது" என்பாள்.

ஐப்பசி மழையில் அகல்யாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அந்த வாரமே முடிந்துவிட்டது. மணிமுத்தாற்றங்கரையில் புதைத்தார்கள்.

ரிவால்வர் துணிக்குள்ளேயே கிடந்தது. மாசியில் நடராசன் ஆள் அனுப்பினார். அன்றைக்கு வாசுகி வாயைத் திறந்தாள். மகள் போனபிறகு அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பிடிய நான் செஞ்சி தரேங்க."

அவள் பீங்கான் ஃபேக்டரியில் மண் பிசையும் வேலை பார்த்தாள். வெள்ளை மண்ணில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தட்டு போட்டாள். ஈரத்திலேயே ரத்தினவேல் வலது கையால் அழுத்திப் பிடித்தான். விரல் நுனிகள் இடப்பக்கத் தட்டில் பள்ளமாகப் பதிந்தன. அவன் கை பெரிய கை. சூளையில் வெந்தால் மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும், நடராசன் கைக்குச் சரியாக வரும் என்று கணக்கு. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

வெந்து வந்ததைப் பிரித்தான். நல்ல வெள்ளை. வெயிலில் பிடித்தால் ஒளி ஊடுருவியது.

விரல் பள்ளங்கள் மட்டும்... சின்னதாக இருந்தன. அவன் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

இடப்பக்கத் தட்டு வழுவழுவென்று இருந்தது. பள்ளங்கள் வலப்பக்கத் தட்டில்.

மண் சுருங்கும். பாதியாகச் சுருங்காது. பக்கம் மாறாது. அந்தப் பக்கம் விரல் பதிய வேண்டுமென்றால் இடது கையால் பிடித்திருக்க வேண்டும்.

வாசுகியிடம் அவன் சொல்லவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தான். திருகாணி போட்டுப் பிடியை மாட்டி மேஜைமேல் வைத்தான். கை கழுவப் போனான்.

சங்கு ஊதியது.

டிக்... டிக்...

திரும்பினான். சுத்தியல் பாதி எழும்பி நின்றது. பட்டறையில் யாரும் இல்லை.

இறக்கி வைத்தான். புது ஸ்பிரிங், அப்படித்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மறுநாள் சுத்தியலைக் கம்பியால் கட்டினான்.

சங்கு.

கம்பி அவிழ்ந்து கிடந்தது. பிடியைத் தொட்டான். வேர்த்த உள்ளங்கை மாதிரி... வெதுவெதுப்பு.

அதற்கடுத்த நாள் எதிரிலேயே உட்கார்ந்தான்.

சங்கு.

டிக்...

சுத்தியல் நடுங்கியது.

டிக்...

நின்றது. கொஞ்சம் எழும்பியது. வழுக்கியது. மறுபடியும்... மறுபடியும்...

லாரிப் பட்டை ஸ்பிரிங். சின்ன விரலுக்குப் பலம் போதாது.

ரத்தினவேல் தன் பெருவிரலைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தான். அதற்கும் இரும்புக்கும் நடுவே வேறொன்று இருந்தது. மெத்தென்று.

"இழு, கண்ணு."

டிக்... டிக்.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்றைக்கு அவன் அழுத சத்தம் என் கடைவரைக்கும் கேட்டது. ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப்பிறகு மூன்று நாள் சங்கு ஊதியது. ஒன்றும் அசையவில்லை. கேட்டது ஒரு இழுப்பு, சொன்ன வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது, புள்ளை நிம்மதியாகப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான். நடராசன் வந்து, "தந்தமே தோத்துடும்டா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் வாசுகி பட்டறைக்கு வந்தாள். காலி மேஜையைப் பார்த்தாள்.

"பிடி எங்கங்க?"

"குடுத்துட்டேன். அவரு பொருளு."

"வேற ஒன்னு செஞ்சி மாட்டிக் குடுக்கலாம்னு இருந்தேனே... அத நாம வெச்சிக்கலாம்னு..."

மடியிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"வெள்ளையா வரணும்னா மண்ணுல எலும்புத் தூளு சேப்பாங்க. நான் அவ பல்ல அரைச்சிச் சேத்தேங்க. நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல."

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மங்களூருக்குப் போனார்கள். நடராசன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது, வீடு பூட்டியிருந்தது. பம்பாயில் மகன் வீட்டுக்கு அப்போதுதான் கிளம்பிப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போகும்போது ரிவால்வரை ஒரு பெட்டியில் பூட்டிப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாராம். கொஞ்ச நாளில் பம்பாயிலேயே அவர் காலமும் முடிந்துவிட்டது. லைசென்சுக்காரர் இல்லாமல் அந்தப் பெட்டியைத் திறக்க வழியில்லை என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். ரத்தினவேல் மனுமேல் மனு போட்டான். பிடிக்காக மட்டும் ஒருத்தன் அழுவதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

தொண்ணூற்றாறில் அந்த ஸ்டேஷனிலிருந்து மாற்றலாகி வந்த ஏட்டு ஒருத்தர் என் கடையில் டீ குடித்தார். சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

"அந்த ரூமுல ஒரு பொட்டி இருக்குது பெரியவரே. தினம் பன்னண்டு மணிக்குச் சத்தம் வரும். டிக்கு, டிக்கு. ரெண்டோட நின்னுடும். யாரோ இழுத்துப் பாத்து முடியாம வுட்டுட்ட மாதிரி."

பக்கத்துப் பட்டறையில் அரம் ராவும் சத்தம் நின்றது.

சங்கு ஊதியது. நான் எட்டிப் பார்த்தேன். ரத்தினவேல் வெறும் மேஜைமேல் பெருவிரலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.