மஞ்சள் ஹவுஸில் என் அக்கா

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை முதல் அரை மணி நேரம் பாடமே கிடையாது. அது ஹவுஸ் நேரம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு ஹவுஸ், நாலு அறை. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது எல்லோரும் கலந்து உட்காருவோம். அட்டெண்டன்ஸ், நகச் சோதனை, சண்டைப் பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். ஒரு வீட்டுப் பிள்ளைகளை ஒரே ஹவுஸில்தான் போடுவார்கள். பெரியது போட்ட டீ-ஷர்ட் சின்னதுக்கு ஆகும், பெற்றவர்களும் ஒரே டீச்சரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அக்கா பத்தாவது, மஞ்சள். நான் எட்டாவதுக்கு வந்தபோது ஆபீஸில் யாரோ கைதவறி என்னை நீலத்தில் போட்டுவிட்டார்கள். நான் மூச்சே விடவில்லை. அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவதால், ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ராஜ்ஜியம் அக்காவுடையது. சோறு வடிப்பது, எனக்குத் தலை பின்னுவது, என் காதைத் திருகுவது எல்லாம் அவள் இலாகா. நான் என்ன செய்தாலும் ராத்திரி அம்மாவிடம் ஒப்பித்துவிடுவாள். பள்ளிக்கூடத்திலாவது அந்த ஆட்சி வேண்டாம் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அவளும் இதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் என் சட்டையில் இருந்த நீல பேட்ஜை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க, ஒண்ணு மஞ்சள், ஒண்ணு நீலமா? அக்காளுக்குச் சின்னதாப் போன மஞ்சள் டீ-ஷர்ட்டைத் தோய்ச்சு மடிச்சு வெச்சிருக்கேன், அதை யார் போடுவா?"

"நீலச் சாயத்துல முக்கிடலாம்மா" என்றேன். எப்படியாவது நீலத்திலேயே ஒட்டிக்கொள்ள வேண்டுமே.

"துணியைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றாலும் யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. சாயப் பொட்டலம் வாங்கிவந்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, கம்பால் கிளறினாள். பகலெல்லாம் துணியோடு கிடப்பவள்தான். ஆனால் அங்கே அவளுக்கு வேலை காலர் தைப்பது மட்டும். பக்கெட்டிலிருந்து டீ-ஷர்ட் கிளிப்பச்சையாக வெளியே வந்தது. அசல் பச்சை ஹவுஸ் சட்டை. அம்மா சட்டையைப் பார்த்தாள், பிறகு நான்தான் ஏதோ சூனியம் வைத்ததுபோல என்னைப் பார்த்தாள்.

"புதுசுதான் வாங்கணும்னு ஆயிடுச்சுல்ல? மஞ்சளாவே வாங்கிக்கறேன். நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஹவுஸ் நேரத்துக்கே என்னோடு வந்து, ஹெட்மிஸ்ட்ரஸிடம் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் முறையிட்டாள். சாட்சிக்குப் பச்சை டீ-ஷர்ட்டையும் மேஜைமேல் விரித்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்காவைக் கூட்டிட்டு வா, அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று என்னை அனுப்பினார்.

மஞ்சள் அறையிலிருந்து ஒரே சிரிப்பு. டீச்சர் இன்னும் வரவில்லை. பெஞ்சின்மேல் என் அக்கா நின்றிருந்தாள். துப்பட்டாவை முந்தானைபோல இடுப்பில் செருகி, மூக்கை உறிஞ்சி, விரலை ஆட்டி, "நான் ஒருத்தி மண்டையைப் போட்டாதான்டி உங்களுக்கெல்லாம் என் அருமை தெரியும்!" என்றாள். அச்சு அசல் அம்மா. எட்டாவதுப் பொடிசுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். வீட்டில் பல்லைக்கூடக் காட்டாதவள். என்னைக் கண்டதும் தொப்பென்று குதித்தாள். துப்பட்டாவை இடுப்பிலிருந்து உருவினாள்.

ஆபீஸ் அறைக்கு என்னை முந்திக்கொண்டு நடந்தாள்.

"தங்கச்சியை உன் ஹவுஸுக்கே மாத்திடலாமா?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"வேணாம் மிஸ். அவ அங்கேயே இருக்கட்டும்."

அம்மா மேஜைமேல் கிடந்த டீ-ஷர்ட்டைச் சுருட்டிப் பையில் திணித்தாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ரோஷம்தான் வந்தது. நான் அவளை வேண்டாம் என்று நினைப்பது நியாயம். அவள் என்னை வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

நான் நீலத்திலேயே என்று முடிவாகி அம்மா போனதும், வராந்தாவில் அக்காவை மறித்தேன். "என்னை ஏன்க்கா வேணாம்னு சொன்ன?"

"அந்த அரை மணி நேரம்தான்டி நான் யாருக்கும் அக்கா இல்ல" என்றாள். "அதுக்கும் வந்துடாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் போகவில்லை. துப்பட்டா நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டு மஞ்சள் அறைக்கு ஓடிவிட்டாள்.

சாயங்காலம் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "போய்க் கூப்பிட்டியே, அங்க என்னதான் பண்ணிட்டிருந்தா அவ?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா திரும்பவில்லை.

"படிச்சிட்டிருந்தாம்மா" என்றேன்.