கோட்டைக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டம்

பூந்தமல்லியில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் அம்பத்தூரில் ஒரு டேட்டா கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். மூன்றாவது மாதத்தில் வந்து சேர்ந்தது அந்த இத்தாலியக் கோட்டை.

யாரோ அதை வாங்கி ஓட்டலாக்கப் போகிறார்கள். எழுநூறு வருடத்தில் யார் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று அட்டவணை போட வேண்டும். பழைய பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு எங்களுக்கு வந்துவிடும். நான் போட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு முதலாளி மணிவண்ணன் என் மேசைக்கே வந்து நின்றார்.

"இன்னா கலாவதி மேடம் இது? பிஷப்பு கைல இருந்துச்சு. அப்பால யாரோ பிரபு வித்துகீறாரு. அவருக்கு எப்டி வந்துச்சு? இந்த ஓட்டையோட அனுப்புனா பார்ட்டி நாளைக்கு வேற கம்பெனிக்குப் பூடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. வேலை போனால்கூடப் பரவாயில்லை. பத்திரம் தெரிந்தவள் என்று சொல்லித்தானே உள்ளே வந்தேன்?

சாப்பிடக்கூடப் போகாமல் யோசித்தபோதுதான் நான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. கோட்டையைப் பற்றியது இல்லையென்று ஒரு திராட்சைத் தோட்டத்தின் கிரயப் பத்திரத்தை 'தேவையில்லை' ஃபோல்டரில் தள்ளியிருந்தேன். நான்கு பக்கமும் யார் சொத்து என்று சொல்கிற செக்குபந்தியை இருபது வருடம் எழுதியவள் செய்கிற காரியமா அது?

எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் போலவே நான்கு எல்லையும் எழுதியிருந்தார்கள். 'மேற்கே, பிஷப் தம் தம்பி மகள் பியாங்காவுக்குச் சீதனமாகத் தந்த கோட்டை.' விற்ற பிரபுவின் பத்திரத்தைத் திரும்பப் புரட்டினேன். தன்னைப் பியாங்காவின் மகன் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மணிவண்ணன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு முறை படித்தார்.

"மேடம், நீங்க இங்கயே இருங்க," என்றார்.

பிஷப்புக்கும் பிரபுவுக்கும் நடுவில் பியாங்கா என்று நானே டைப் செய்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். கோட்டையின் பத்திரங்கள் ஒன்றில்கூட அவள் பேரில் கைமாறியதாக இல்லை. பக்கத்துத் தோட்டக்காரன்தான் எழுதி வைத்திருந்தான்.

அதிலிருந்து எந்தக் காகிதத்தையும் நம்முடையது இல்லை என்று நான் ஒதுக்குவதில்லை. காட்டுப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து மனை போன மாதம் கைமாறியது. அந்தப் பத்திரத்தை வாங்கிப் படித்தேன். 'வடக்கே கலாவதி வீடு' என்று இருந்தது.