பந்த் நாளில் ஒரு பின்சக்கரம்

காலை ஏழரை மணிக்கு டாலிகஞ்ச் நர்சிங் ஹோமின் வாசல் காவல்காரர் பவானிபூரில் எங்கள் வீடு வரை நடந்தே வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ் ஓடவில்லை. உள்ளே எட்டு பாட்டில் இருக்கிறது. அதில் இரண்டு, நாளை ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் அரிய குரூப் ரத்தம். உடனே வரவும்.

எழுபதுகளில் கல்கத்தாவில் ஃபிரிட்ஜ், கூலர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பந்த். பஸ் இல்லை, டிராம் இல்லை, ஐஸ் கம்பெனியும் மூடியிருந்தது. என் மோட்டார் சைக்கிளோ முந்தின மாலை பின் டயர் வெடித்து, தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தியபடி இருந்தது. புது டயரும் டியூபும் வாங்கி வைத்திருந்தேன். மாட்டிக் கொடுக்கக் கடைதான் இல்லை.

“கடைக்காரன் செய்யறத நாம செய்ய முடியாதா?” என்றாள் என் மனைவி கமலா.

சக்கரத்தைக் கழற்றி மாடியில் எங்கள் அறைக்குத் தூக்கி வருவது எளிது. ரிம்மோடு ஒட்டிப்போன டயர் விளிம்பைப் பெயர்ப்பதுதான் கஷ்டம். ஏறி மிதித்தேன், அசையவில்லை. எங்கள் கட்டில், அந்த ஊர் வழக்கப்படி, செங்கல் மேல் நின்றது. ஒரு காலின் கீழிருந்த செங்கல்லை உருவிவிட்டு, கால் டயர் விளிம்பில் படும்படி சக்கரத்தை அங்கே நுழைத்தேன். கமலா கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தாள். ‘டப்’பென்று விளிம்பு கீழே இறங்கியது.

லீவருக்குப் பதில் தோசைத் திருப்பி. அது வளைந்துபோனதும் பெரிய கரண்டியின் காம்பு, கூடவே ஒரு ஸ்பேனர். வழுக்கச் சோப்புத் தண்ணீர். பழைய டயர் வந்துவிட்டது. புதியது முக்கால் பாகம் ஏறியும்விட்டது. கடைசி ஒரு சாண்தான் பிடிவாதம் பிடித்தது. மணி ஒன்பதரை. கரண்டிக் காம்பை உள்ளே கொடுத்து முழு பலத்தோடு நெம்பினேன். ஏறிவிட்டது.

காற்றடித்தால் ‘ஸ்ஸ்’ என்கிறது. திரும்பக் கழற்றி, டியூபை வாளித் தண்ணீரில் முக்கினேன். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ரிம்முக்கும் காம்புக்கும் நடுவில் புது டியூபைக் கடிபட வைத்திருக்கிறேன். பழைய டியூப் கையளவு கிழிந்திருந்தது, உதவாது. பேட்ச் ஒட்டும் சாமான் என்னிடம் இல்லை.

கீழ் வீட்டு நீரேன் பாபுவிடம் இருக்கும். கிடர்பூர் துறைமுகத்தில் வேலை, தினமும் சைக்கிளில் போகிறவர். ஆனால் எங்களுக்குள் நாலு மாதமாகப் பேச்சு இல்லை. முற்றத்தில் என் வண்டி ஆயில் சிந்துகிறது என்று வீட்டுக்காரரிடம் புகார் சொன்னவர். போதாதற்கு யூனியன்காரர். பந்த் அவர்களுடையது.

“நான் போய்க் கேட்டுட்டு வாறேன்” என்றாள் கமலா.

“அந்த மனுஷன்கிட்டயா? வேண்டாம்.”

வாளி முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டையை ரப்பர் துண்டு வைத்து நூலால் கட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. காகிதம் ஒட்டும் பசை தடவிப் பார்த்தேன். அதுவும் பிய்த்துக்கொண்டது. இப்படி அரைமணி போனதும் கமலா கீழே இறங்கிப் போய்விட்டாள். அவள் வங்காளம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

நீரேன் பாபு ஒரு சிகரெட் டின்னோடு வந்தார். உள்ளே சொல்யூஷன், உப்புத்தாள், ரப்பர் துண்டுகள். என்னைப் பார்க்காமல் டியூபை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

“இன்னிக்கு நீங்க வேலை செய்யலாமா, தாதா?” என்று கேட்டுவிட்டேன். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

“இதுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்? இது வேலையே இல்லை” என்றார் வங்காளத்தில்.

ஒட்டி முடித்ததும் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்தார். “டியூபுக்குக் கொஞ்சம் காத்து விட்டு உருண்டையாக்கு. அப்ப மடிஞ்சு சிக்காது. எதிர்ப்பக்கத்தை முட்டியால அமுக்கி ரிம் பள்ளத்துல இறக்கு. இந்தப் பக்கம் தானா இடம் விடும்.” கடைசி ஒரு சாண் கட்டைவிரலுக்கே ஏறியது.

கிளம்பும்போது, கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். “தனியாப் போனா விடமாட்டாங்க.”

பெரிய சாலை முனையில் பத்துப் பேர் கைகோத்து மறித்தார்கள். “நீரேன் தாதா, நீங்களா? பந்த் அன்னிக்கா?” என்றான் ஒருவன், நம்ப முடியாமல்.

“ஆஸ்பத்திரி ரத்தம் கெட்டுப்போகுது. உன் அம்மா அங்க படுத்திருந்தா மறிப்பியா? விலகு.”

விலகினார்கள். ஆனால் அவர் செய்ததை மனதில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் யூனியன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்தி விளக்கம் கேட்டார்களாம். அவர் மனைவி, கமலாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவராக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஃபிரிட்ஜில் கம்ப்ரெசரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது. பையில் ஒன்று இருந்தது, பத்து நிமிஷ வேலை. கம்ப்ரெசர் ஓடத் தொடங்கியதும்தான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஒன்பது டிகிரி. பத்தைத் தாண்டியிருந்தால் எட்டு பாட்டிலையும் கொட்டியிருப்பார்கள்.

“சரியான நேரத்துக்கு வந்தீங்க” என்று டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீரேன் பாபு வராந்தா பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சர்வீஸ் வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் டயர் மாட்டும் முறையைச் சொல்வேன். வேலையில் டியூப் கடிபடுவது சகஜம், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. ஒரு கதவைத் தட்ட மனமில்லாமல் வாளி முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி என்னுடையது இல்லை. மறுநாள் ஆபரேஷனுக்காக உள்ளே படுத்திருந்த, பேர்கூடத் தெரியாத ஒருவருடையது.