கட்டிலின் நாலாவது கால்

என் அம்மாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். இரும்பில் வார்த்தவள். திருவொற்றியூரில் அப்பாவின் மரச்சாமான் பட்டறையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த, மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல் மெஷினைத்தான் அம்மா அப்படிச் சொல்வாள். துறைமுகத்துப் பக்கம் ஏதோ பழைய பட்டறையை இழுத்து மூடியபோது அப்பா வாங்கி வந்தது. வயதில் அப்பாவுக்கே மூத்தது. கீழே மோட்டார், மேலே சக்கரம், இரண்டையும் இணைக்கும் அகலமான தோல் பெல்ட். ஓடினால் பக்கத்துத் தெருவில் பேச்சு நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கடையில் இரும்புக் கட்டில் வாங்கிவிடலாம் என்றாள் அம்மா. அப்பா செய்யும் தேக்குக் கட்டில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்று கால்கள் கடைந்து முடிந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றித் துடைத்து, மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார் அப்பா. பூஜை மாலையை யாரும் கையால் எடுக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் பட்டறைச் சட்டம்.

மறுநாள் காலை, சாமந்தி மாலை மேல் பட்டுவிடாமல் வளைத்து நெளித்துப் பெல்ட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டார். மரத்தில் உளியை வைத்ததுதான் தாமதம், உளி மேலே எகிறியது. இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் எகிறியது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“அதுக்கு இன்னாவோ கோவம்மா. பூஜைல நான் எதுனா கொற வச்சிட்டனா?” என்று என்னிடம் கேட்டார். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தார். சூடம் கொளுத்தினார். இரண்டு நாளில் சீர் சாமான் ஏற்ற வண்டி வந்துவிடும். மூன்று கால் கட்டிலைக் காத்திவாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படி அனுப்புவது?

அப்போதுதான் டீ கொண்டுவந்தாள் அம்மா. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சக்களத்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

“யோவ், பெல்ட்டு முறுக்கிக்கினு கீது. அதான் அது எதிர்ப்பக்கமா சுத்துது. இதுக்குப் போயி சூடம் காட்டிக்கினு கீற!”

அப்பா அசடு வழிந்தார். முறுக்கை எடுத்து மாட்டியதும் மெஷின் வழக்கமான சத்தத்தோடு ஓடியது. மதியத்துக்குள் நாலாவது காலும் தயார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மாவிடம் கேட்டேன்: “நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா இரும்புக் கட்டிலு வந்திருக்குமே?”

“வந்திருக்கும்,” என்றாள் அம்மா. “உங்க நைனா மூஞ்சி அப்பிடித் தொங்கிப் போயிருந்தா, எனக்குச் சோறு எறங்குமாடி?”